கழிவுநீர்ப் பாசனம்: மடைக்கு ஒரு பாஸ்புக் போடுங்கள்

முப்பத்து நான்கு வருடம் வங்கியில் கணக்குப் பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற மறு மாதமே அப்பா விட்டுப்போன மூன்றரை ஏக்கரில் இறங்கிவிட்டேன். ஊரில் இன்றைக்கும் என்னை 'மேனேஜர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்த மேனேஜர் ஒரு கணக்கில் ஏமாந்த கதையோடு இந்தப் பாடத்தைத் தொடங்குகிறேன். நீங்கள் ஏமாறாமல் இருக்க அது உதவும்.

எங்கள் நிலம் நகரத்துக்குக் கீழே இருக்கிறது. ஒரு காலத்தில் மழைத்தண்ணி மட்டும் ஓடிய வாய்க்காலில் இப்போது நகராட்சிக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் தண்ணீர் ஓடுகிறது. சித்திரையிலும் வற்றாத தண்ணீர். கிணறெல்லாம் காய்ந்து கிடக்கிற ஊரில் இதை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? நானும் சொல்லவில்லை. ஆனால் படித்தவன் இல்லையா, முதல் வருடமே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு கேனில் தண்ணி பிடித்து ஆய்வகத்துக்குக் கொடுத்தேன். எல்லாம் அளவுக்குள் இருக்கிறது என்று அறிக்கை வந்தது. ஃபைலில் போட்டு வைத்துவிட்டு நெல்லும் கீரையும் போட ஆரம்பித்தேன்.

மூன்றாம் வருடம் மடைக்குப் பக்கத்துப் பாத்திகளில் தண்டுக்கீரையின் இலை ஓரம் கருக ஆரம்பித்தது. கடைமடைப் பாத்தியில் ஒரு கொத்து கொத்தினால் நாலு மண்புழு வருகிறது. தலைமடையில் ஒன்றுகூட இல்லை. பஞ்சகவ்யம் தெளித்தேன், அமிர்தகரைசல் விட்டேன். மாற்றமில்லை. ஒரு நாள் எங்களுக்குத் தண்ணி பாய்ச்சும் பெரியவரிடம் புலம்பினேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்:

"நீங்க பகல்ல வந்து பாத்தா என்னங்க தெரியும்? ராத்திரித் தண்ணி வேறங்க மேனேஜர். காலு அரிக்குதுங்க."

"எத்தனை நாளா?"

"அது ஆச்சுங்க ரெண்டு வருசம். நீங்க கேக்கலீங்களே."

வாய்க்காலில் எங்கள் முறை வாரத்துக்கு இரண்டு நாள், இரவு பதினொன்றிலிருந்து விடியற்காலை நாலு மணி வரை. நான் தண்ணியைப் பரிசோதித்தது பகலில். பயிருக்குப் பாய்ச்சியது ராத்திரியில். அடுத்த முறை நாளில் டார்ச் லைட்டும் உப்புமானியுமாகப் போய் மடையில் உட்கார்ந்தேன். ஒன்பது மணிக்கு 1.3 காட்டிய மீட்டர், ஒன்றரை மணிக்கு 3.9 காட்டியது. தண்ணி வெதுவெதுப்பாக, நுரையோடு வந்தது. நாலரைக்கு மறுபடியும் 1.4.

மூன்று வருடம் அந்தத் தண்ணியில் வளர்ந்த கீரையை 'நஞ்சில்லாக் கீரை' என்று சொல்லி இருபது வீடுகளுக்குக் கொடுத்திருக்கிறேன். மறுநாள் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு விஷயத்தைச் சொல்லிக் கீரையை நிறுத்தினேன். என் விவசாய வாழ்க்கையில் கஷ்டமான நாள் அதுதான்.

மார்ச் 31 அலங்காரம்

வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். மார்ச் 31 அன்று கிளையின் வைப்புத் தொகை எகிறி நிற்கும். ஏப்ரல் முதல் வாரம் பாதி வெளியே போயிருக்கும். அந்த ஒரு நாள் இருப்பை வைத்துக் கிளையின் நிலையைச் சொன்னால் அது பொய்க்கணக்கு. ஒரு நாள், ஒரு நேரம், ஒரு கேனில் எடுத்த தண்ணீரின் அறிக்கையும் அப்படித்தான். அது 'பரிசோதனை'. நமக்குத் தேவை 'கண்காணிப்பு'. ஒன்று ஒரு நாள் இருப்பு, மற்றது வருடம் முழுவதும் வரவு வைத்த பாஸ்புக். இந்தக் கட்டுரை சொல்ல வருவது இவ்வளவுதான்: கழிவுநீர் பாயும் ஒவ்வொரு மடைக்கும் ஒரு பாஸ்புக் வேண்டும். அதை நீங்களே எழுத வேண்டும்.

கழிவுநீரில் இருப்பவை மூன்று வகை

முதல் வகை, மக்கிப் போகிறவை. மலம், சோற்றுக்கஞ்சி, சோப்பில் ஒரு பகுதி. இவற்றை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும். சுத்திகரிப்பு நிலையம் என்பதே இந்த வேலையை வேகமாகச் செய்கிற இடம்தான். கிருமிகளையும் இங்கேயே குறைக்கப் பார்க்கிறார்கள்.

இரண்டாம் வகை, பயிருக்கு உணவாகிறவை. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து. இதில்தான் நாம் மயங்குகிறோம். ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு ஏக்கருக்கு வருடத்தில் 1,000 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணி பாய்ச்சினால் அது ஏறக்குறைய 40 லட்சம் லிட்டர். லிட்டருக்கு 30 மில்லிகிராம் தழைச்சத்து இருந்தால் ஏக்கருக்கு 120 கிலோ இறங்கிவிடும். மத்திய கால நெல்லுக்கே ஏக்கருக்கு 60 கிலோதான் பரிந்துரை. பயிர் கருகருவென்று வளர்ந்து, சாய்ந்து, புகையானைக் கூப்பிடுவது இதனால்தான். பச்சையைப் பார்த்து 'தண்ணி நல்ல தண்ணி' என்று முடிவு கட்டாதீர்கள்.

மூன்றாம் வகை, மக்காமல் தங்குகிறவை. சலவைத்தூளில் வரும் சோடியமும் போரானும், முலாம் பூசும் பட்டறையிலிருந்து வரும் நிக்கல், குரோமியம், பேட்டரிக் கடையிலிருந்து ஈயம், அப்புறம் காட்மியம், செம்பு, துத்தநாகம். நகராட்சிச் சாக்கடை என்றால் வீட்டுத் தண்ணி மட்டும் என்று நினைக்கக் கூடாது. ஊருக்குள் இருக்கிற சின்னச் சின்னப் பட்டறைகள், சலவையகங்கள், வண்டி கழுவும் இடங்கள், மருத்துவமனைகள் எல்லாவற்றின் தண்ணியும் அதே குழாயில்தான் சேர்கிறது. பகலில் வெளியே விடப் பயப்படுகிறவர்கள் ராத்திரியில் விடுகிறார்கள். நுண்ணுயிர்களைக் கொண்டு சுத்திகரிக்கும் நிலையம் உலோகத்தை அழிப்பதில்லை. ஒரு பகுதி அடியில் படியும் சகதியோடு போகும், மீதி தண்ணியோடு வெளியே வரும்.

சட்டத்தில் இருக்கிற வெற்றுக் கட்டம்

'நிலையத்தின் அறிக்கை சரியாகத்தானே இருக்கிறது' என்று அதிகாரிகள் சொல்வார்கள். பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. அந்த அறிக்கை எதைப் பார்க்கிறது என்று நாம் பார்க்க வேண்டும்.

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்காக மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017 அக்டோபரில் வெளியிட்ட விதியில் நான்கே அளவுகள்: பி.எச்., பி.ஓ.டி., மிதக்கும் திடப்பொருள், மலக்கிருமி. இந்த நான்கும் முதல் வகையைச் சேர்ந்த கேள்விகள். கன உலோகம் அந்தப் பட்டியலில் இல்லை.

1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் பொதுவான கழிவுநீர் அளவுப் பட்டியல் ஒன்று இருக்கிறது. ஆற்றில் விட ஒரு பத்தி, பொதுச் சாக்கடையில் விட ஒரு பத்தி, பாசன நிலத்தில் விட ஒரு பத்தி, கடலில் விட ஒரு பத்தி. காட்மியம், குரோமியம், ஈயம், நிக்கல் வரிசைகளில் பாசன நிலத்துக்கான பத்தியைப் பாருங்கள். கோடு மட்டும் போட்டிருக்கும், எண் இருக்காது. ஆற்றில் விடுவதற்குக் காட்மியம் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை அனுமதி. ஆனால் பாசனத் தண்ணியில் 0.01 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு. இரண்டுக்கும் 200 மடங்கு வித்தியாசம். சட்டப்படி சரியான தண்ணி, வயலுக்குச் சரியான தண்ணியாக இருக்க வேண்டிய அவசியமில்லை என்பதற்கு இந்த ஒரு வரி போதும்.

டெபாசிட் உண்டு, வித்டிராயல் கிடையாது

0.01 மில்லிகிராம் என்பது அற்பம் மாதிரித் தெரியும். மறுபடி கணக்குப் போடுவோம். 40 லட்சம் லிட்டரில் அது 40 கிராம். ஒரு ஏக்கரில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை ஏறக்குறைய 850 டன். அதில் 40 கிராம் கலந்தால் கிலோ மண்ணுக்கு 0.05 மில்லிகிராம் கூடும். இருபது வருடத்தில் 1 மில்லிகிராம். கழிவுச் சகதி போடும் விவசாய நிலங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 1986-இல் வைத்த காட்மிய எல்லை, நாடுகளைப் பொறுத்துக் கிலோவுக்கு 1 முதல் 3 மில்லிகிராம். தண்ணியில் அளவு பத்து மடங்கு இருந்தால் இருபது வருட வேலை இரண்டு வருடத்தில் முடியும். இரண்டு போகம் நெல் போடுகிறவர்களுக்கு இன்னும் சீக்கிரம்.

இதில் கவனிக்க வேண்டியது, இந்தக் கணக்கில் டெபாசிட் மட்டும்தான். காட்மியம் ஒரு தனிமம். அதை எந்த நுண்ணுயிரும் தின்று தீர்க்க முடியாது. 'அமிர்தகரைசல் விட்டா சரியாயிடும்', 'மண்புழு உரம் போட்டா விஷம் முறிஞ்சிடும்' என்று நம் ஆட்களே சொல்கிறார்கள். நானும் நம்பினேன். மக்குக்கு உலோகத்தைப் பிடித்து வைக்கும் குணம் உண்டு, அதனால் பயிருக்குப் போவது கொஞ்சம் குறையும். ஆனால் பிடித்து வைப்பது வேறு, ஒழிப்பது வேறு. பூச்சிக்கொல்லி அடித்த நிலம் சில வருடங்களில் தேறுவதைப் பார்த்திருக்கிறோம். உலோகம் ஏறிய நிலம் நம் பேரன் காலத்திலும் அப்படியே இருக்கும்.

நெல்லில் காட்மியம் என்ன செய்யும் என்பதை ஜப்பான் அனுபவித்துச் சொல்லியிருக்கிறது. தொயாமா பகுதியில் ஜின்சு ஆற்றின் மேலே காமியோகா சுரங்கம். அதன் கழிவு கலந்த ஆற்றுத் தண்ணியைக் கீழே உழவர்கள் நெல்லுக்குப் பாய்ச்சினார்கள். அந்த அரிசியைப் பல வருடம் சாப்பிட்டவர்களுக்கு, அதிலும் வயதான பெண்களுக்கு, சிறுநீரகம் கெட்டு எலும்பு மெலிந்து உடைந்தது. அவர்கள் வலியில் கத்திய 'இத்தாய் இத்தாய்', அதாவது 'வலிக்குது வலிக்குது' என்பதே நோய்க்குப் பெயராகிவிட்டது. அது மாசினால் வந்த நோய்தான் என்று ஜப்பான் அரசு 1968-இல் ஒப்புக்கொண்டது. அங்கே மாசு வந்தது சுரங்கத்திலிருந்து, நகராட்சிச் சாக்கடையிலிருந்து அல்ல. ஆனால் வாய்க்கால், வயல், அரிசி, உடம்பு என்கிற பாதை ஒன்றுதான்.

பாஸ்புக் எழுதுவது எப்படி?

முதல் கருவி, கையடக்க உப்புமானி. இ.சி. மீட்டர் என்று கேட்டு வாங்குங்கள். தண்ணியில் கரைந்திருக்கும் உப்பை மின்கடத்துதிறனாக அளந்து சொல்லும். வாங்கும்போதே 1.413 டெசிசைமன் அளவுள்ள சோதனைக் கரைசலையும் சேர்த்து வாங்குங்கள். மாதம் ஒரு முறை அதில் முக்கிப் பாருங்கள். மீட்டர் அதே எண்ணைக் காட்டாவிட்டால் சரிசெய்ய வேண்டும். சரிபார்க்காத மீட்டரில் பார்ப்பதும் பார்க்காமல் இருப்பதும் ஒன்றுதான்.

மீட்டர் வீட்டு நாய் மாதிரி. குரைக்கும், திருடன் பேரைச் சொல்லாது. சில திருடர்களைக் கண்டு குரைக்கவும் செய்யாது. காட்மியம் 0.01-லிருந்து 0.1 ஆனாலும் மீட்டரில் எந்த அசைவும் தெரியாது. ஆனால் பட்டறைக் கழிவு பெரும்பாலும் உப்போடும் அமிலத்தோடும் சேர்ந்தே வரும் என்பதால், மீட்டர் திடீரென்று ஏறினால் 'ஏதோ கலக்கிறது' என்று தெரிந்துகொள்ளலாம். கூடவே பி.எச். தாளும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நேரம். முதல் ஒரு வாரம் காலை 6, பகல் 12, மாலை 6, இரவு 10, நடுநிசி 1, விடியல் 4 என்று ஆறு வேளை பாருங்கள். கஷ்டம்தான், குடும்பத்தில் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். எந்த நேரத்தில் தண்ணி மாறுகிறது என்று தெரிந்துவிட்டால், பிறகு தினமும் இரண்டு வேளை போதும். அதில் ஒன்று கட்டாயம் உங்கள் முறை நேரமாக இருக்க வேண்டும். நோட்டில் தேதி, நேரம், மீட்டர் எண், பி.எச்., நிறம், நுரை, வாசனை, மழை பெய்ததா என்று ஒரே வரியில் எழுதுங்கள். தண்ணி பாய்ச்சுகிறவரிடம் கேட்டு அவர் சொல்வதையும் எழுதுங்கள். நான் இரண்டு வருடம் தவறவிட்ட பதிவு அதுதான்.

மூன்றாவது, மேலே நடப்பது. மீட்டர் ஏறும் நேரத்தில் வாய்க்காலை ஒட்டி மேலே நடந்து ஒவ்வொரு பாலத்தடியிலும் அளந்து பாருங்கள். ஓர் இடத்தில் எண் சட்டென்று விழும். அந்த இடத்துக்கும் முந்தைய இடத்துக்கும் நடுவில்தான் கலப்பு. எங்கள் வாய்க்காலில் அது ஒரு பக்கச் சாக்கடை வந்து சேரும் இடம். அதாவது, சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாமலே நேராக வாய்க்காலில் கலந்த தண்ணி. நிலையத்தின் அறிக்கையில் அது எப்படி வரும்? தனியாகப் போகாதீர்கள், நாலு பேராகப் போங்கள்.

ஆய்வகத்துக்கு எதை அனுப்புவது?

ஆய்வகச் செலவு அதிகம். அதனால் மீட்டர் சொன்ன நேரத்தில் பிடித்து அனுப்புங்கள். இரண்டு மாதிரி வேண்டும். ஒன்று கூட்டு மாதிரி: ஒரு நாளில் ஆறு வேளையும் சம அளவு எடுத்துக் கலந்தது. இது சராசரியைச் சொல்லும். இன்னொன்று, மீட்டர் உச்சத்தில் இருக்கும்போது எடுத்தது. சராசரி மட்டும் பார்த்தால் உச்சம் மறைந்துவிடும்.

ஓடும் தண்ணியின் நடுவில், மேல் நுரையும் அடிச்சகதியும் படாமல் எடுக்க வேண்டும். கேனை அதே தண்ணியில் மூன்று முறை அலசி, காற்று நிற்காமல் வழிய நிரப்புங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். உலோகப் பரிசோதனைக்குத் தனி பாட்டில். அதில் நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும் என்பதால் ஆய்வகத்திலேயே பாட்டில் கேட்டு வாங்குங்கள், அந்தப் பாட்டிலை அலசக் கூடாது. உப்பும் பி.எச்.சும் மட்டும் பார்க்க வேளாண்துறையின் மண் பரிசோதனை நிலையம் போதும். உலோகத்துக்கு அதற்கான கருவி உள்ள ஆய்வகத்தைத் தேடிப் போக வேண்டும்.

தண்ணியைவிட முக்கியமான ஒரு மாதிரியைப் பெரும்பாலானவர்கள் எடுப்பதே இல்லை. அது வாய்க்கால் வண்டல். தண்ணி ஓடிப்போய்விடும், ராத்திரி என்ன வந்தது என்று காலையில் சொல்லாது. உலோகத்தில் பெரும்பகுதி வண்டலில் ஒட்டிக்கொண்டு தங்கிவிடும். மடை வாயில் படிந்த மேல் வண்டலை ஒரு கைப்பிடி, நாலைந்து இடத்தில் எடுத்துக் கலந்து அனுப்புங்கள். பல மாதத்துக் கணக்கை அந்த ஒரு பொட்டலம் சொல்லும். அதேபோல வருடம் ஒரு முறை தலைமடை மண்ணையும் கடைமடை மண்ணையும் தனித்தனியாக அனுப்புங்கள். எங்கள் நிலத்தில் தலைமடையில் நிக்கல் கடைமடையைவிட மூன்று மடங்கு இருந்தது. ஒரே நிலத்துக்குள் இவ்வளவு வித்தியாசம் என்றால் அது மண்ணோடு பிறந்தது இல்லை, மடை வழியாக வந்தது.

அறிக்கையைப் படிப்பது

உப்பு: மின்கடத்துதிறன் 0.7 டெசிசைமனுக்குக் கீழே என்றால் கவலை இல்லை. 0.7 முதல் 3 வரை பயிரைப் பார்த்துப் பாய்ச்ச வேண்டும். 3-க்கு மேல் பெரும்பாலான பயிருக்கு ஆகாது. விளைச்சல் குறையாமல் தாங்கும் அளவு பீன்ஸுக்கு 0.7, வெங்காயத்துக்கு 0.8, கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் 1.1, நெல்லுக்கு 2, பருத்திக்கு 5.1 என்று உணவு வேளாண்மை அமைப்பு சொல்கிறது. வீட்டுப் புழக்கத்தால் மட்டும் தண்ணியில் கூடும் உப்பு, பொதுவாக லிட்டருக்கு 150 முதல் 380 மில்லிகிராம்தான். அதனால் ஊர்க் குடிநீரையும் போர்வெல் தண்ணியையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். கழிவுநீர் அவற்றைவிட எக்கச்சக்கமாக இருந்தால் அது சமையலறையிலிருந்து வந்த உப்பு இல்லை. டெசிசைமனை 640-ஆல் பெருக்கினால் தோராயமாக லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று கிடைக்கும்.

சோடியம்: எஞ்சிய சோடியம் கார்பனேட் 1.25-க்குள் நல்லது, 2.5-க்கு மேல் வேண்டாம். மண் இறுகிப் போய் தண்ணி இறங்காமல் நிற்கும். போரான் 0.7 மில்லிகிராம் தாண்டினால் எலுமிச்சை, திராட்சை போன்றவை முதலில் இலை நுனி கருகிக் காட்டிக்கொடுக்கும்.

பி.ஓ.டி., சி.ஓ.டி.: நுண்ணுயிர் தின்னக்கூடிய கழிவைச் சொல்வது பி.ஓ.டி. நம் நாட்டில் 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துப் பார்க்கிறார்கள். தின்ன முடியாததையும் சேர்த்துச் சொல்வது சி.ஓ.டி. நிலையத்துக்கு உள்ளே வரும் வீட்டுக் கழிவுநீரில் சி.ஓ.டி., பி.ஓ.டி.யைப் போல் சுமார் இரண்டு மடங்குதான் இருக்கும். மூன்று, நாலு மடங்கு என்று போனால் பட்டறைக் கழிவு கலக்கிறதா என்று கேட்க வேண்டும். வெளியே வரும் தண்ணிக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அங்கே தின்னக்கூடியது தீர்ந்துவிடுவதால் விகிதம் தானாகவே கூடியிருக்கும்.

உலோகம்: பாசனத் தண்ணியில் லிட்டருக்கு காட்மியம் 0.01, குரோமியம் 0.1, நிக்கல் 0.2, செம்பு 0.2, ஆர்செனிக் 0.1, துத்தநாகம் 2 மில்லிகிராம். இவை நீண்ட காலப் பாசனத்துக்கான உச்ச அளவுகள். வருடத்துக்கு 1,000 மில்லிமீட்டர் தண்ணி என்று வைத்துப் போட்டவை. நீங்கள் அதற்கு மேல் பாய்ச்சினால் எல்லையை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

தவறு தெரிந்தால் என்ன செய்வது?

முதலில் மடையை அடையுங்கள். பயிர் வாடினாலும் பரவாயில்லை, கெட்ட நேரத்துத் தண்ணி வேண்டாம். பக்கத்துத் தோட்டத்தாரோடு பேசி முறையை மாற்றிக்கொள்ளப் பாருங்கள். கெட்ட தண்ணியை அவர் தலையில் கட்டுவதற்கு இல்லை, அந்த நேரத்தில் யாருமே பாய்ச்சாமல் இருப்பதற்கு.

பயிரை மாற்றுங்கள். காட்மியத்தை அதிகம் இழுப்பவை கீரைகள். கிழங்குகள் அடுத்து. காய், பழங்களில் குறைவு. சந்தேகமான நிலத்தில் கீரை போடவே கூடாது. பருத்தி, சவுக்கு, பூ போடலாம். தீவனப் புல் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். மாட்டின் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் காட்மியம் சேரும். புளிப்பு மண்ணாக இருந்தால் சுண்ணாம்பு இட்டு பி.எச். 7-க்குக் கொண்டுவந்தால் பயிர் இழுப்பது குறையும். ஒற்றை நாற்று நடவில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மண் காயும்போது நெல் காட்மியத்தை அதிகம் எடுக்கும், தண்ணி நின்றால் குறைவாக எடுக்கும். ஆர்செனிக் இதற்கு நேர் எதிர். எது இருக்கிறது என்று தெரியாமல் எந்த முறையையும் கண்ணை மூடிக்கொண்டு கடைப்பிடிக்க முடியாது.

நகராட்சி உரத்தையும் சும்மா கொடுக்கிறார்களே என்று வண்டி வண்டியாக அடிக்காதீர்கள். நகரக் கழிவு உரத்துக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணையில் கிலோவுக்கு காட்மியம் 5, குரோமியம் 50, நிக்கல் 50, ஈயம் 100 மில்லிகிராம் என்று எல்லை உண்டு. அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அறிக்கை இல்லாத உரம், கையெழுத்து இல்லாத காசோலை.

அடுத்து, தகவல் அறியும் உரிமைச் சட்டம். நகராட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மனு போட்டு, கடந்த பன்னிரண்டு மாதங்களில் நிலையத்துக்குள் வந்த தண்ணி, வெளியே போன தண்ணி ஆகியவற்றின் அறிக்கைகளையும், உலோகம் பார்த்த நாட்களையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

புகார் கொடுக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி அதிகாரி முறையாக எடுத்து, பிரித்து, முத்திரையிட்ட மாதிரியின் முடிவுதான் அந்தச் சட்ட வழக்கில் சான்றாக நிற்கும். நம் கேனில் நாம் எடுத்தது நிற்காது. அப்படியானால் நம் பாஸ்புக் எதற்கு? அதிகாரியை எந்த இடத்துக்கு, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வரச் சொல்ல வேண்டும் என்று சொல்வதற்கு. 'தண்ணி கெட்டுப்போச்சு' என்கிற மனு மேசையில் கிடக்கும். 'இன்ன பாலத்தடியில், இந்த நாற்பது இரவுகளில், 12 மணியிலிருந்து 3 மணிக்குள்' என்று பதினாறு பேர் கையெழுத்தோடு நோட்டு நகலைச் சேர்த்துக் கொடுத்தபோதுதான் எங்கள் ஊருக்கு ராத்திரியில் ஆள் வந்தது. அதன் பிறகு ஐந்து மாதம் தண்ணி நன்றாக ஓடியது. ஆறாம் மாதம் மீட்டர் மறுபடி ஏறியது. மறுபடி மனு. இது ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை.

நொய்யல் சொன்ன பாடம்

நம் கண் முன்னால் நடந்ததை மறக்கக் கூடாது. சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் திறக்கப்பட்டது பாசனத்துக்காக. திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கி, 'இந்தத் தண்ணியை எங்கள் நிலத்துக்கு விடாதீர்கள்' என்று உழவர்களே கேட்கும் நிலை வந்தது. தண்ணிக்குப் போராடுகிற ஊரில் தண்ணி வேண்டாம் என்று போராடினார்கள். சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2011 ஜனவரியில். நடுவில் போனது பத்தொன்பது வருடம். அங்கே முக்கியமான மாசு உப்பு. கையடக்க மீட்டர் ஒன்றே பிடித்துவிடக்கூடிய மாசு.

அதனால் இயற்கை உழவர்களே, கழிவுநீரைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தண்ணி இல்லாத ஊரில் அது பேச்சுக்குக்கூட உதவாது. வீட்டுக் கழிவுநீர் மட்டும் ஒழுங்காகச் சுத்திகரித்து வந்தால் அது உழவருக்குச் சொத்து. ஆனால் யாருடைய பணம் என்று பார்க்காமல் வரவு வைக்கிற கிளை ஒரு நாள் திவாலாகும். வருவது என்ன என்று பார்க்காமல் மடை திறக்கிற நிலமும் அப்படித்தான்.

என் கதை இப்போது எங்கே நிற்கிறது என்று கேட்பீர்கள். தலைமடை அரை ஏக்கரில் சவுக்கு நிற்கிறது. கீரை போடுவது கிணற்றுத் தண்ணி பாயும் கடைமடைக் கால் ஏக்கரில் மட்டும், அதுவும் வருடா வருடம் மண் அறிக்கை பார்த்த பிறகு. இருபது வீடுகளில் பதினொரு வீடு திரும்பி வந்தது. வருகிறவர்களுக்குக் கீரைக்கட்டோடு அந்த நோட்டையும் காட்டுகிறேன். தண்ணி பாய்ச்சும் பெரியவர் இப்போது மீட்டரை அவரே முக்கி, எண்ணைச் சத்தமாகச் சொல்கிறார். நான் எழுதிக்கொள்கிறேன். நேற்று இரவு ஒன்றரை மணிக்கு 1.6.